நிகர எடை

இருபத்தொரு வயது வண்டி. மூன்று கை மாறியது.
புக்கிட் மெர்தாஜாமில் சியூ ஹொக் தார்ப்பாயை விலக்கியதும்
பல்லியொன்று பானெட்டின் மேல் ஓடி, நின்று, என்னைப் பார்த்தது.
புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. இரண்டே கதவு.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன்.
பின்சக்கர வளைவில் இந்தத் துரு எவ்வளவு ஆழம்,
இன்று காலை எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறாயே, ஏன்
என்று கேட்டேன்.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"உன் அண்ணனுக்கா?"

இருபத்தாறாயிரம் சொன்னான்.
பெல்ட்டுக்கு எண்ணூறு குறைத்தேன், துருவுக்கு ஆயிரம்,
அண்ணனுக்கு இருநூறு.
இருபத்து நாலில் முடிந்தது.

இத்தனை பழசுக்கு பேங்க் கடன் கிடையாது.
நாலு வருடக் கூட்டுப் பணம்,
யாரும் எனக்குப் போட்டுவிடாத,
நானே வாங்கி நானே விற்ற இரண்டு வளையல்.

பாடாங் செராயிலிருந்து ஆலைக்குப் பதினாலு கிலோமீட்டர்.
அதில் பதினேழு வேகத்தடை.
ஒவ்வொன்றையும் கோணலாக ஏறவேண்டும்,
முதலில் இடது சக்கரம், யோசித்து வலது,
புடவையோடு வாய்க்கால் தாண்டுகிறவள் மாதிரி.
நான்காவது கியர் அந்தச் சாலையில் வெறும் வதந்தி.
முன்னால் எப்போதும் ஒரு செம்பனை லோரி,
நாற்பதில்,
குலையிலிருந்து பழம் உதிர்த்தபடி.
சத்ரியா என்றால் போர்வீரனாம்.
மாலையில் அவன் பம்பர் இடுக்கில் சிக்கிய பழங்களைச்
சாவியால் நோண்டி எடுக்கிறேன்.
ஆரஞ்சு எண்ணெய் வெள்ளைப் பெயிண்டை விட்டுப் போவதில்லை.

தொண்ணூற்றேழு பெட்ரோல்தான் குடிக்கும்.
ஏர்கோண் சொட்டுவது ரொஸ்லினாவின் சப்பாத்தில்;
பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறுகிறாள்,
திட்டுவதில்லை, சிரிப்பதுமில்லை.
லோரி ஜன்னலிலிருந்து சுப்பாராவ் குனிந்து சொன்னார்:
"மைவி வாங்கியிருந்தா, குலையே விழுந்தாலும்
மனசு வலிக்காதேம்மா."

சரிதான்.
ஆனால் விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு
லூனாஸ் பக்கம் திரும்புகிற வளைவில்
லோரி இருக்காது, மாடு இருக்காது, சில நாள் மூடுபனி மட்டும்.
மூன்றாவதில் ஊசி ஆறாயிரத்தைத் தாண்டும்.
ஏழு நொடி.
அப்புறம் பள்ளிக்கூடத்துச் சிவப்பு விளக்கு வந்துவிடும்.
இதைச் சுப்பாராவிடம் எப்படிச் சொல்ல?

எடைப்பாலத்துக் கிராணி நான்.
பன்னிரண்டு வருடமாக
ஏற்றி வந்ததில் காலி வண்டியைக் கழித்து,
மிச்சத்துக்குக் காசு எழுதுகிறவள்.

நேற்று அடைமழை. லோரிகள் தாமதம். பாலம் காலியாகக் கிடந்தது.
ஷாஹினைக் கணினி முன்னால் உட்காரவைத்துவிட்டு
சத்ரியாவை ஏற்றினேன்.
இருபது டன் பார்த்த இரும்பு, கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை.
முதல் எடை: ஆயிரத்து நூற்று நாற்பது.
இறங்கி, மழையில் நின்றேன்.
இரண்டாம் எடை: ஆயிரத்து எண்பது.
பத்துக் கிலோவுக்குக் கீழே எங்கள் பாலம் பேசாது.

நிகரம் அறுபது.

சரக்கு என்ன என்ற கட்டத்தைக்
காலியாக விட இயந்திரம் ஒப்பவில்லை.
ஷாஹின் தினமும் அழுத்துவதையே அழுத்தினான்.
செம்பனைக் குலை. தரம்: பழுத்தது.
காகிதத்தை நீட்டும்போது அவனுக்கு வெட்கம்.
"மாற்றட்டுமா அக்கா?"
"வேண்டாம், இருக்கட்டும்."
மடித்து, டேஷ்போர்டில்,
சியூ ஹொக்கின் எண்ணெய்க் கறைபட்ட சர்வீஸ் புத்தகத்துக்குள் வைத்தேன்.

பின்னால் சுப்பாராவ் ஹார்ன் அடித்தார், ஒருமுறை,
பிறகு நீளமாக.
கிளச்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டிருக்கவேண்டும்.
ஈர இரும்பில் முன்சக்கரம் இரண்டும்
ஒரு கணம் எதையும் பிடிக்காமல் சுழன்றன,
பிறகு பிடித்தன.